கதைப்பின்னல் பிறக்கும் இடம்

நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொல்வது கதை. ஒன்றால் மற்றொன்று விளைந்தமையைக் காட்டுவது கதைப்பின்னல். மாணவர் பலர் இரண்டும் ஒன்றென மயங்குவதால், இசுலாமியத் தமிழ்ப் புதினங்கள் இரண்டைக் கொண்டு இதனை விளக்க விழைகிறோம்.

கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திர'த்தில், எகிப்து நாட்டு உயர்குடிப் பிள்ளை ஒருவன் குழவிப் பருவத்தில் கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்ந்து, பின்னர்ப் பெற்றோரைச் சேர்கிறான். இங்குப் பின்னலை நகர்த்துவது பயணமே. தற்செயல் சந்திப்புகள் சற்று மிகுதிதான். முன்னோடி முயற்சியில் அதனைப் பெருங்குறையாக்குதல் முறையன்று.

'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988இல் நூலான, தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' வேறு வகையது. ஆசிரியர் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தின் சாயலே அதன் களம். ஊரை அடக்கியாளும் அகமதுக்கண்ணு முதலாளி ஒருபுறம். அங்கு வரவிருக்கும் ஆங்கிலப் பள்ளிக்கூடம் மறுபுறம். பள்ளி எழுந்தால் பிள்ளைகள் படிப்பர், படித்தவர் வினவுவர், வினவத் தொடங்கினால் முதலாளியின் ஆணை செல்லாது. ஆகவே அவர் எதிர்த்தே தீரவேண்டும். தற்செயலுக்கு இங்கு வேலையில்லை. நம் பெரியோர் சிலர்க்கு இந்நூல் கசக்கலாம். கல்விக்கு எழுந்த தடையை உள்ளிருந்தே சொன்னமையால்தான் இதன் பின்னலுக்கு வலிமை வாய்த்தது என்பது எம் கருத்து.

கம்பைநல்லூர் மாணவர் எகிப்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. மழை பொய்த்த ஓர் ஆண்டு. நிலத்தை விற்க ஒப்பாத தந்தை. பிழைப்புக்குப் பெங்களூர் செல்லத் துடிக்கும் மகன். இருவரையும் ஒரே திண்ணையில் அமர்த்துக. முதலில் வாய் திறப்பவர் யாரென்று முடிவுசெய்தால், இரண்டாம் அதிகாரம் வந்துவிடும்.