இரத்தம் எடுக்காமல் எபோலாவை அறிதல்

கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 2014 முதல் 2016 வரை பரவிய எபோலா காய்ச்சலுக்கு 11,300க்கும் மேற்பட்டோர் பலியாயினர். உடலைக் கழுவி அடக்கம் செய்யும் வழக்கமும் நோய் பரவக் காரணமாயிற்று. இறந்தவருக்கு எபோலா இருந்ததெனில், அவரைத் தொட்டோரை 21 நாட்கள் கண்காணித்தல் வேண்டும். ஆனால் சடலத்திலிருந்து இரத்தம் எடுப்பது கடினம். ஊசி குத்திவிட்டால் எடுப்பவருக்கும் ஆபத்து. ஆகவே வாயின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அம்மாதிரியில் வைரசின் மரபுப் பொருளைத் தேடினர். சடலத்தில் வைரஸ் மிகுந்திருப்பதால் இம்முறை நம்பகமானதே.

உயிரோடிருப்போர் நிலை வேறு. நோயின் தொடக்கத்தில் இரத்தத்தில் தென்படும் வைரஸ் வாய் மாதிரியில் தென்படாமற் போகலாம். எனவே ‘உண்டு’ என்னும் முடிவை ஏற்கலாம். ‘இல்லை’ என்பதை மட்டும் நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாகாது. சிக்கனம் கருதும் நிர்வாகம் எளிதில் மறக்கக்கூடிய வேறுபாடு இது.

மற்றொரு வழியும் உண்டு. 1995இல், அன்று ஜயர் எனப்பட்ட நாட்டின் கிக்விட் நகரில் இந்நோய் பரவியபோது, இறந்தோரின் தோலில் சிறு துண்டெடுத்து ஃபார்மலினில் இட்டு அமெரிக்காவுக்கு அனுப்பினர். ஃபார்மலின் வைரசை அழித்துவிடுவதால் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை, செலவும் குறைவு. ஆயினும், யாரைக் கண்காணிப்பது என்று அன்றே அறிய வேண்டிய அலுவலருக்கு அம்முடிவு காலங்கடந்தே கிட்டும்.