கண்காணாக் கடிவாளம்

யானைக்கு அங்குசம், குதிரைக்குக் கடிவாளம், எருதுக்கு மூக்கணாங்கயிறு. உடல்வலியால் இவ்விலங்குகட்குக் குறைந்தவனாகிய மனிதன், இத்தகைய கருவிகளின் துணைகொண்டே அவற்றைத் தன்வழிப் படுத்தினான். இவையெல்லாம் விலங்கின் உடலைப் பற்றி நிற்பன, கண்ணாற் காணத்தக்கன. 20ஆம் நூற்றாண்டில் அறிவியலார் அமைத்த கடிவாளமோ மூளையினுள் வைக்கப்படுவது. கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலையே அதன் கயிறு.

நரம்புகளின் வழியே ஓடும் நுண்ணிய மின்துடிப்புகளாலேயே மூளை உடலை இயக்குகின்றது. புறத்தேயிருந்து மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தினும், மூளையின் அப்பகுதி தூண்டப்பெறும். ஸ்பெயின் நாட்டிற் பிறந்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி புரிந்த ஹோசே டெல்காடோ என்பார், இவ்வுண்மையைக் காளையொன்றிடம் சோதித்தார்.

1963ஆம் ஆண்டு, ஸ்பெயினிலுள்ள கோர்டோபாவில், சண்டைக் காளையொன்றின் மூளையில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி, கையில் வானொலிக் கருவியுடன் அவர் களத்தில் நின்றார். காளை அவரை நோக்கிச் சீறிப் பாய்ந்தது. அவர் கருவியின் பொத்தானை அழுத்தினார். பாய்ந்து வந்த காளை இடையே நின்று, ஒரு பக்கமாகத் திரும்பியது!

காளையின் சினம் அடங்கிற்று எனப் பலரும் வியந்தனர். ஆனால், எலியட் வாலன்ஸ்டைன் என்னும் அறிஞர் அதனை ஒப்பவில்லை. மின்துடிப்பு காளையின் உடலை ஒரு பக்கமாகத் திருப்பியமையாற் பாய்ச்சல் தடைப்பட்டதேயன்றி, சினம் தணிந்ததன்று என்பது அவர் கருத்து. கண்டது ஒன்று; அதன் காரணத்தைத் துணிதல் வேறொன்று.

1954ஆம் ஆண்டு, கனடா நாட்டில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், மூளையின் சில பகுதிகளைத் தூண்டினால் எலி அத்தூண்டலை மீண்டும் மீண்டும் நாடுவதைக் கண்டறிந்திருந்தனர். 2002ஆம் ஆண்டு, நியூயார்க்கு நகரின் புரூக்லினில் சஞ்சீவ் தல்வார், ஜான் சேப்பின் முதலியோர் இதனைப் பயன்கொண்டனர். எலியின் முதுகில் சிறு கருவியொன்றை ஏற்றினர். மூளையில் மீசைமயிரின் உணர்ச்சிக்குரிய பகுதியைத் தூண்டவே, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஏதோ தீண்டியதுபோல் எலி உணர்ந்தது. அப்பக்கம் திரும்பியவுடன், இன்பந்தரும் பகுதி தூண்டப்பெற்றது. இவ்வாறு பழகிய எலி, 500 மீட்டர் தொலைவிலிருந்தும் செலுத்தத்தக்கதாயிற்று. அது ஏணியில் ஏறியது, இடிபாடுகளினூடே சென்றது, எலிகள் இயல்பாக ஒதுங்கும் ஒளிமிக்க வெட்டவெளியிலும் நடந்தது. இடிபாடுகளிற் சிக்கியோரைத் தேட இத்தகைய எலிகள் உதவக்கூடும் என்பது ஆராய்ந்தோர் எண்ணம். மூளையுள் மின்கம்பி பொருத்தித் தூண்டும் இதுபோன்ற முறையே, நடுக்குவாத நோயாளரின் கைந்நடுக்கத்தைத் தணிக்கவும் பயன்படுகின்றது.

பயன் பெரிதேயாயினும், ஒன்றை மறத்தலாகாது. அங்குசத்தின் குத்தை யானை அறியும். பிடிக்காதபோது பிளிறித் தன் மறுப்பையும் காட்டும். இன்பத்தால் ஈர்க்கப்பட்ட எலியோ, தான் விரும்பிய வழியே செல்வதாகவன்றோ ஓடுகின்றது? மறுக்கவும் அறியாத உயிரைச் செலுத்துவோனுக்குப் பொறுப்பு இருமடங்காம். அவ்வுயிரின் துன்பத்தையும் அவனே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வெண்ணம் கைவிடாதவரையிலேயே இக்கடிவாளம் அவன் கையில் இருக்கத் தகும்.