சோற்றைக் குறைக்கும்போது வரும் பசி

வீட்டில் ஒருவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொன்னால் எல்லோரும் கலங்கிப் போகிறோம். "இன்னும் வரவில்லை, ஆனால் வரக்கூடிய நிலையில் இருக்கிறீர்கள்" என்று சொன்னாலோ, அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டு, அந்த இரத்தப் பரிசோதனைத் துண்டை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். உண்மையில், நம்மால் அதிகம் செய்யக்கூடிய காலம் இந்த இரண்டாவது செய்தி கிடைக்கும் காலந்தான். சோறு, மா, சீனி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் வரும் பசியை என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் கண்டவரை, இந்த முயற்சியைக் கைவிடுபவர்கள் மனமில்லாமல் கைவிடுவதில்லை. பசி தாங்காமல்தான் கைவிடுகிறார்கள்.

முன்நீரிழிவு என்றால் என்ன?

இரவு முழுவதும் எதுவும் உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்க்கும்போது, குளுக்கோசு ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் அது இயல்பு. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுமுறை பார்க்கும்போதும் அப்படியே இருந்தால் அது நீரிழிவு. இடையிலுள்ள 100 முதல் 125 வரையான அளவை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் முன்நீரிழிவு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதனை 110 இலிருந்து கணக்கிடுகிறது. இந்நிலையில் சதையி இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் தசையும் ஈரலும் அதன் சொல்லை முன்போல் கேட்பதில்லை. அதனால் சதையி மேலும் மேலும் சுரந்து களைத்துப் போகிறது.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவும் 11.5 வீதமானோருக்கு முன்நீரிழிவும் இருந்தன. சேர்த்துப் பார்த்தால் ஐந்து பேரில் ஒருவர். அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மாத்திரமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. நமது மக்கள் அந்தக் கணக்கில் இல்லை. அந்த 2006 இல்தான் சம்பூர் மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். மூதூர் முஸ்லிம்களும் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஏறத்தாழ பத்து வருடங்கள் இருந்து, 2015 இலும் 2016 இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பினார்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்ற நிவாரணப் பொதிதான் அந்நாட்களில் அடுப்பெரிய வைத்தது. உயிரைக் காத்த அந்த உணவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடலும் வயலும் மாடும் திரும்பக் கிடைத்த பிறகும், வயிறு நிறைவதென்றால் அது சோற்றாலும் மாவாலுந்தான் என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் தங்கிவிடக் கூடாது.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவரது குழுவினரும் முன்நீரிழிவு நிலையிலிருந்த 531 பேரை மூன்று வருடங்கள் கவனித்து, 2006 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மாத்திரம் பெற்றவர்களில் 55 வீதமானோர் நீரிழிவுக்குள் போனார்கள். சீனியையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் அது 39.3 வீதமாகக் குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். அவர்கள் நம்மைப்போல் சோறும் குழம்பும் உண்பவர்கள் என்பதால் இந்த முடிவு நமக்கு மிக அருகில் வருகிறது.

பசி ஏன் எடுக்கிறது?

சோற்றைக் குறைத்ததும் வரும் பசி ஒரே பசியல்ல. அதற்குள் நான்கு காரணங்கள் கலந்திருக்கின்றன. எது எதுவென்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, உண்மையான குறைவு. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. மதியம் இரண்டு கோப்பை உண்டவர் அரைக் கோப்பைக்கு இறங்கினால், அந்த ஒரு வேளையிலேயே சுமார் 300 கிலோ கலோரி குறைகிறது. அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காவிட்டால் உடல் கேட்கத்தான் செய்யும். இது பலவீனமல்ல, கணக்கு.

இரண்டாவது, குளுக்கோசின் ஏற்ற இறக்கம். மாவுணவை மட்டும் நிறைய உண்ணும்போது இரத்தத்தில் குளுக்கோசு வேகமாக ஏறுகிறது. அதற்கேற்ப இன்சுலினும் அதிகமாகச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு, மூன்று மணித்தியாலங்களில் குளுக்கோசு இறங்கி, மீண்டும் பசிக்கிறது. காலையில் சம்பலோடு பிட்டு உண்டவர் பத்து மணிக்கே பிஸ்கட்டைத் தேடுவது இதனால்தான்.

மூன்றாவது, பழக்கத்தின் பசி. கிரெலின் என்ற ஓமோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999 இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கும் இது, நாம் வழக்கமாக உண்ணும் நேரத்தை அண்டி உயர்ந்து, மூளையின் பரிவகக்கீழுக்குப் பசியை அறிவிக்கிறது. அந்த நேரத்தில் உண்ணாவிட்டாலும் சற்று நேரத்தில் தானாகவே தாழ்ந்துவிடும்.

நான்காவது, நீரும் உப்பும். நம் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோசனின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாவுணவு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து நீர் வெளியேறுகிறது, உப்பும் கூடவே போகிறது. முதல் வாரத்தில் வரும் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கிய காரணம். இதையும் நாம் பசி என்றே எண்ணிவிடுகிறோம்.

உம்மாவின் முதல் வாரம்

எங்கள் வீடு சம்பூருக்குப் போகும் வீதியில் இருக்கிறது. என் உம்மாவுக்கு வெறும் வயிற்றில் 114 இருந்தது. நீரிழிவால் மூத்தம்மாவின் கால் விரல் வெட்டப்பட்டதை வீட்டில் எல்லோரும் பார்த்திருந்ததால், உம்மா அன்றைக்கே சோற்றைப் பாதியாக்கினார். கறியின் அளவு பழையபடிதான். மூன்று நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் பின்னேரம் என்னிடம் சொன்னார்: "இது நோன்பை விடக் கஷ்டம் மகள். நோன்புக்கு மஃரிப் இருக்கு. இதுக்கு மஃரிப் எப்ப?"

அந்தக் கேள்விதான் என்னை உயிரியல் புத்தகத்தைத் தாண்டித் தேட வைத்தது. உம்மா ஒரு நாளில் உண்பதை எழுதிப் பார்த்தோம். ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் நாளுக்கு 40 கிராம். இதில் அவர் கை வைக்கவே இல்லை. வயிற்றை நிறைக்கும் சோற்றைக் குறைத்துவிட்டு, வயிற்றை நிறைக்காத சீனியை அப்படியே விட்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து தட்டை மாற்றினோம். இரண்டாம் வாரம் பின்னேரப் பசி அடங்கியது. மூன்று மாதத்தில் வெறும் வயிற்றின் அளவு 103 ஆனது. ஒருவருடைய இலக்கம் ஆய்வாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பசியோடு சண்டை பிடிக்காமலே அவர் அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பசியை அடக்கும் தட்டு

எடுப்பதற்கு முன் வைக்க வேண்டும் என்பதே முதல் விதி. அரைக் கோப்பைச் சோறு போதும் என்றால், மிச்ச இடத்தை மரக்கறியும் மீனும் நிரப்ப வேண்டும். தட்டில் பாதி வெண்டி, பயற்றங்காய், புடோல், கோவா, கீரை போன்றவை. கால் பங்கு மீன், முட்டை அல்லது கோழி. மீதிக் கால் பங்கே சோறு. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் மரக்கறிக் கணக்கில் வரமாட்டா. அவை சோற்றின் பங்கைச் சேர்ந்தவை.

மூன்று ஊட்டங்களில் பசியை அதிகம் தணிப்பது புரதம். அது சமிபாடடையும்போது "போதும்" என்று அறிவிக்கும் ஓமோன்கள் குடலிலிருந்து சுரக்கின்றன. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு, மாவு கிடையாது. ஒரு முட்டையில் 6 கிராம். கொட்டியாரக் குடா நமக்கு அருகிலேயே இருக்கிறது. பாரையின் விலை எட்டாத நாளில் சூடையும் கீரியும் அதே வேலையைச் செய்யும். கருவாடு புரதம் நிறைந்ததுதான். ஆனால் உப்பு அதிகம் என்பதால் நாளாந்தம் வேண்டாம்.

காலையில் வெறும் பிட்டுக்குப் பதிலாக இரண்டு முட்டையும் முருங்கை இலை வறையும், சிறிதளவு அவித்த கடலையும் உண்ணலாம். 100 கிராம் அவித்த கடலையில் சுமார் 27 கிராம் காபோவைதரேற்று இருந்தாலும், 9 கிராம் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ப்பொருளும் இருப்பதால் அது மெதுவாகவே சமிபாடடையும். பிட்டு இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு சிறு துண்டை வைத்துக்கொண்டு மீன் குழம்பைக் கூட்டட்டும். தேங்காயைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அளவான கொழுப்பும் பசியைத் தள்ளிப்போடும். ஆனால் பொரியல் எண்ணெயை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உண்ணும் வரிசையும் உதவும். மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் குளுக்கோசு மெதுவாக ஏறும். நியூயோர்க்கில் நீரிழிவுள்ள 11 பேரிடம் நடத்தி 2015 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதனைக் காட்டியது. இரண்டாம் முறை சோறு கேட்கத் தோன்றினால் இருபது நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். வயிறு நிறைந்த செய்தி மூளையில் உறைக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

பின்னேரம் நான்கு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி கச்சான் போதும். 30 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது. சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் நல்லது, ஆனால் சீனியும் பாணியும் இல்லாமல். தேநீரில் சீனியை ஒரே நாளில் நிறுத்துவது கடினம். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். தலைவலி வந்தால் முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் கறியில் வழக்கமான உப்பைக் குறைக்க வேண்டியதில்லை. நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும் என்பதால், இரவு நேரத்தோடு உறங்குவதும் இந்த முயற்சியின் ஒரு பகுதிதான்.

நோன்பு கற்றுத் தருவது

றமழானில் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கும் பசி, ளுஹர் தொழுது எழும்போது பெரும்பாலும் போயிருக்கும். பசி அலைபோல் வந்து அலைபோல் போகும் என்பதை நம் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கிரெலினைப் பற்றி விஞ்ஞானம் சொல்வதும் அதைத்தான். ஆகவே, வேளைக்கு வயிறு நிறைய மீனும் மரக்கறியும் உண்ட ஒருவருக்கு நடுவில் பசி எடுத்தால், அந்த அலை கடந்து போகும் என்று காத்திருக்கலாம். ஆனால் சமோசா, ரோல்ஸ், சர்பத், இரண்டு கோப்பைக் கஞ்சி என்று நோன்பு திறந்தால், பகலெல்லாம் பெற்றதை ஒரு மணி நேரத்தில் இழந்துவிடுவோம். வயிற்றை முழுக்க நிரப்பாமல் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொன்ன நபிவழி நமக்குப் புதிதல்ல.

யார் அவதானமாக இருக்க வேண்டும்?

இன்சுலின் ஏற்றுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் மாவுணவைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. இரத்தக் குளுக்கோசு அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய பசியல்ல. உடனே சீனித் தண்ணீர் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக நோயாளரும் தாமாக இதைத் தொடங்க வேண்டாம். மாணவிகளாகிய நாமும் அப்படித்தான். வளரும் வயதில் மெலிய வேண்டும் என்று சோற்றை விடுவதும், நோயைத் தடுக்க ஒரு தாய் தன் தட்டை மாற்றுவதும் ஒன்றல்ல. நாம் குறைக்க வேண்டியது இனிப்புப் பானத்தையும் பிஸ்கட்டையும் தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் தாய்மார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருக்கும் சோற்றோடு குழம்பைப் பிசைந்து உண்கிறார்கள். மீன் துண்டு அதற்குள் முடிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவரிடம் "சோற்றைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால், அவரைப் பட்டினி கிடக்கச் சொல்வதாகத்தான் அது முடியும். உம்மாவின் தட்டில் முதலில் மீனை வைக்கப் பிள்ளைகள் பழக வேண்டும். வாப்பாமார் சந்தையில் ஒரு கிலோ சீனியைக் குறைத்து, அந்தக் காசுக்கு முட்டை வாங்கி வரலாம்.