மின்னியங்கு பல்பகுதியங்களும் மருத்துவமும்

வேலியோரத்தே படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கியை அறியாதார் தென்மராட்சியில் இலர். விரல் பட்டதும் அதன் இலைக்காம்படியிலுள்ள கலங்களிலிருந்து அயன்கள் வெளிப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றது. ஒரு பக்கம் தளர்தலால் இலை மடிகின்றது. தசையில்லாப் பொருளும் அசையும் என்பதற்கு இஃது இயற்கை தந்த சான்று. இத்தகைய அசைவை மின்னின் உதவியாற் பெறும் செயற்கைப் பொருள்களைப் பற்றியும், அவற்றால் மருத்துவம் அடையும் பயனைப் பற்றியும் ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

பூக்கள் பல சேர்ந்து மாலையாவதுபோல, சிறு மூலக்கூறுகள் பல்லாயிரம் இணைந்து நீண்ட சங்கிலியாய் அமைந்த பொருளே பல்பகுதியம். இறப்பர், பொலித்தீன், நைலோன் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் மின்னூட்டத்தால் வடிவம் மாறுவனவும், வடிவம் மாறுங்கால் மின்னைப் பிறப்பிப்பனவும் உள. அவற்றை மின்னியங்கு பல்பகுதியங்கள் எனலாம்.

இவற்றின் வரலாறு பழையது. பின்னாளில் எக்சுக்கதிரைக் கண்டறிந்த றொஞ்சன் என்பார், 1880ஆம் ஆண்டிலேயே இறப்பர் நாடாவொன்றுக்கு மின்னேற்றி அதன் நீளம் மாறுதலைக் கண்டார். 1969இல் யப்பானிய அறிஞர் கவாய், பொலிவினைலிடீன் புளோரைட்டு என்னும் மென்படலம் அழுத்தப்படும்போது மின்னைத் தருதலை வெளிப்படுத்தினார். மின்னைக் கடத்தும் பல்பகுதியங்களைக் கண்டமைக்காக சிறக்கவா, மக்டயாமிட், ஈகர் ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றனர்.

இவை இயங்கும் முறை இருவகைத்து. முதல்வகையில், மெல்லிய இறப்பர்ப் படலத்தின் இருபுறமும் மின்வாய்கள் பூசப்பெறும். மின்னேற்றியதும் எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று கவர, இடையிலுள்ள படலம் நசுங்கி அகலத்தில் விரிகின்றது. விரைவும் வலிமையும் இதன் சிறப்பு. ஆயிரக்கணக்கான வோல்ற்று வேண்டுதல் இதன் குறை. இரண்டாம் வகை தொட்டாற்சுருங்கியை ஒத்தது. ஈரப்படலத்தினுள்ளே அயன்கள் நீரையும் இழுத்துக்கொண்டு ஒருபுறம் செல்ல, அப்புறம் வீங்குதலாற் படலம் வளைகின்றது. இதற்குச் சில வோல்ற்றே போதும். ஆயின் அதன் வலிமை சிறிது, ஈரம் உலர்ந்தால் இயக்கமும் நின்றுவிடும்.

மருத்துவத்தில் இன்று நன்கு பயன்படுவது இவற்றின் உணருந் தன்மையேயாம். துயிலும் நோயாளியின் மார்பிற் கட்டிய பட்டியிலுள்ள கவாயின் படலம், மூச்சின் ஏற்ற இறக்கத்தை மின்குறிகளாக மாற்றித் தருகின்றது. கழியொலிக் கருவிகளை அளவிட்டுச் சோதிக்கும் உணரிகளிலும் அப்படலமே உளது. அசையுந் தன்மையோ இன்னும் ஆய்வுநிலையிலேயே நிற்கின்றது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர், இதயத்தின் பாரத்தைக் குறைக்கவல்ல இறப்பர்க் குழாயொன்றைப் பன்றியின் பெருநாடியிற் பொருத்திச் சோதித்துள்ளனர்.

செயற்கைத் தசையின் உண்மைநிலையைக் காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. 2005ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்காவின் சன்டியாகோ நகரில் மூன்று செயற்கைக் கைகள் பதினேழு வயது மாணவி ஒருத்தியுடன் கைமல்லுக்கு நின்றன. மூன்றையும் அவள் வென்றாள். மிக நீண்டநேரம் தாங்கிய கை 26 செக்கன்களே தாங்கிற்று. தோல்வியே ஆயினும், இன்னும் எவ்வளவு தூரம் செல்லவேண்டும் என்பதை அளந்து காட்டியமையால் அது பயனுள்ள தோல்வியாயிற்று.

இவ்வாய்வு நமக்கு எட்டாப் பொருளன்று. போரும் மிதிவெடியும் நம்மவர் பலரின் கால்களைக் கவர்ந்தன. அவர்களுக்குக் கைகொடுத்தது, இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இறப்பர்ப் பாதம். யாழ்ப்பாணத்திலும் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றி அப்பணியை மேற்கொண்டது. விலை குறைந்த அப்பாதம் வயலிலும் வரம்பிலும் நடக்க உதவும். எனினும் தானாக மடங்காது, நிலத்தை உணராது. உணர்ந்து மடங்கும் பாதத்தை ஆக்குதற்கு மின்னியங்கு பல்பகுதியம் ஒருநாள் துணையாகலாம். அந்நாள் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதெனக் கூறி, உறுப்பிழந்தாரை ஏமாற்றுதல் தகாது.

கைவினைஞரும் மருத்துவரும் ஒருங்கிருந்து சிந்தித்தமையாலேயே ஜெய்ப்பூர்ப் பாதம் பிறந்தது. இரசாயனமும் பௌதிகமும் கற்கும் நம் மாணவர், ஆய்கூடத்தோடு அமையாது, செயற்கைக்காலோடு நடக்கும் அயலவரையும் அணுகி, அவர்தம் தேவையைக் கேட்டறிவாராக. கேட்டறிந்த தேவையிலிருந்தே பயனுள்ள ஆராய்ச்சி தொடங்கும்.