கடைக்கு வர்ணம்: ஆள் விட்டுச் செய்வதா, நாமே செய்வதா?

ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் முன்னால் கடைக்கு வெள்ளையடிப்பது நம் வணிகர்களின் நெடுநாள் வழக்கம். சுண்ணாம்புக் காலத்தில் இது பெரிய யோசனைக்குரிய விஷயமாக இருந்ததில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, கடைப் பையன்களே நார் மட்டையால் அடித்து முடித்துவிடுவார்கள். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில்கூட, வெள்ளையடித்த சுவருக்கு 14 மாதத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். உதிர்வதும் திரும்ப அடிப்பதும் அந்தக் காலத்து இயல்பு.

இன்று பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று செலவு ஆயிரக்கணக்கில் போகிறது. ஆகவே, காண்ட்ராக்டரிடம் ஒப்படைப்பதா, நம் ஆட்களை வைத்தே முடிப்பதா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண, முதலில் நம் பகுதியின் சுவரையும் இரும்பையும் பார்க்க வேண்டும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடைகளில் முதல் எதிரி உப்புக் காற்று. ஷட்டரின் அடிப்பட்டையும் கம்பிக் கதவின் மூட்டும்தான் முதலில் துருவேறும். இரண்டாவது தூசி. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அதுவரை ராயபுரத்துச் சுவர்கள் கறுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் இன்றும் உண்டு. மூன்றாவது ஈரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்து சுவரில் கறை பிடித்தது. எண்ணெய் ஊறிய பூச்சின் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசித்தான் ஆக வேண்டும்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. பெயிண்டருக்கு நாம் கொடுக்கும் கூலியில் நிறம் அடிப்பதற்கான பங்கு குறைவு. சுரண்டுவது, கழுவுவது, உலரவிடுவது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது ஆகியவற்றுக்கே பெரும்பங்கு. அந்த முன்வேலையை யார் ஒழுங்காகச் செய்வார்கள் என்று பார்த்தே ஆளா, நாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களைக் கவனித்தால் இது விளங்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் படகுகளைப் பழுது பார்த்து வர்ணம் அடிக்கிறார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டி, காயவிட்டு, அதன் பிறகே புது வர்ணம். வெயில் காலமாதலால் அதற்கு அவகாசம் கிடைக்கிறது. நாமோ தீபாவளிக்கு என்று ஐப்பசி மழையில் ஆரம்பிக்கிறோம். அல்லது பொங்கலுக்கு என்று, மழையில் ஊறிய சுவர் காயும் முன்பே மார்கழியில் அடிக்கிறோம். அது தை மாதம் பளபளக்கும், ஆடிக்குள் உப்புப் பூத்து உரியும். பண்டிகைக்குக் கடையின் உள்பக்கத்தை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து. சந்தேகமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

இனி செலவுக் கணக்கு. 10 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள கடையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரும் சேர்ந்து 600 சதுர அடி. ஷட்டர் வாசல் 80 போக 520. மேல்தளம் 200. ஆக 720 சதுர அடி. பெயிண்ட் விலை இரு வழியிலும் ஒன்றேயாதலால் அதை விட்டுவிடலாம். உதாரணத்துக்குக் கூலி சதுர அடிக்கு ரூ.15 என்றால் காண்ட்ராக்ட் ரூ.10,800. ஒரு நாள் கடை அடைப்பதால் போகும் லாபம் ரூ.4,000 என்று வைத்தால் மொத்தம் ரூ.14,800. நம் ஆட்கள் செய்தால் மூன்று நாள் அடைப்பு ரூ.12,000, பிரஷ், ரோலர், ஏணி வாடகை ரூ.1,500, ஆக ரூ.13,500. மிச்சம் ரூ.1,300 தான். பழக்கமில்லாத ஆட்கள் நான்காவது நாளும் இழுத்தால் ரூ.17,500 ஆகிவிடும். "நம்ம பையன்கள்தானே, கூலி இல்லையே" என்று நினைப்பவர்கள் இந்த அடைப்பு நஷ்டத்தை எழுதிப் பார்ப்பதில்லை. தினசரி விற்பனை இல்லாத கிடங்குக்குக் கணக்கு வேறு. அங்கே சரக்கைப் பாதிப் பாதியாக நகர்த்தி, நம் ஆட்களே நிதானமாகச் செய்யலாம்.

ஆனால் உயரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் மூட்டை தூக்கும் ஆளை ஏற்றாதீர்கள். வெயிலில் நாளான ஷீட் கால் வைத்ததும் உடையும். பெயர்ப் பலகைப் பக்கம் மின்கம்பி போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நாம் ஏவிய வேலையில் நம் ஆள் விழுந்தால் மருத்துவச் செலவும் நஷ்டஈடும் நம் வாசலுக்குத்தான் வரும். அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் நம்முடையதே. சாரம் கட்ட வேண்டிய வேலைக்கு, இடுப்புக் கயிறும் ஹெல்மெட்டும் வைத்திருக்கும் காண்ட்ராக்டரையே கூப்பிடுங்கள். ஷட்டரும் அப்படித்தான். கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். தேய்த்த இரும்பை நம் கடற்காற்றில் ஓர் இரவு விட்டாலே மறுபடி துரு படியும்.

மளிகை, அரிசி, டீத்தூள் வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டின்னர் வாசனையை டீத்தூளும் அரிசியும் இழுத்துக்கொள்ளும். எனாமல் அடிக்கும் நாளில் சரக்கை அகற்றிவிடுங்கள், அல்லது தண்ணீரில் கலக்கும் பெயிண்டோடு நிறுத்துங்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகவே பழைய பூச்சைக் காய்ந்தபடி தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

ஆள் விடுவதென்றால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பட்டி எத்தனை கை, பிரைமர் எத்தனை கோட், எந்தக் கம்பெனியின் எந்த ரகப் பெயிண்ட் என்று ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாசல், ஜன்னல் கழிப்பு எப்படி, வரிவரியான ஷட்டருக்கு அளவு எப்படி என்பதையும் முன்னமே பேசுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வரும். பெயிண்டை நாமே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் விடுவது எனக்கு உசிதமாகப் படுகிறது. டப்பாவைப் பிரிக்கும்போதும் தண்ணீர் கலக்கும்போதும் நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பில் வாங்கத் தயங்காதீர்கள். பெயிண்ட், பட்டி மீதான ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழுதுபார்ப்புச் செலவாக எழுதும் வேலைக்கு வரவு எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். கூட்டு நிறுவனங்களும், முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டிய தனி வியாபாரிகளும், காண்ட்ராக்டருக்கு ஒரே தடவையில் ரூ.30,000-க்கு மேலோ ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டும். காண்ட்ராக்டர் தனி நபரானால் ஒரு சதவீதம், நிறுவனமானால் இரண்டு.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: தொடக்கத்தில் கொஞ்சம், பட்டியும் பிரைமரும் பார்த்த பிறகு ஒரு பங்கு, வேலை முடிந்ததும் மீதி. வெளிச்சுவர் வேலையில் பத்தில் ஒரு பங்கை முதல் மழை பெய்து முடியும்வரை நிறுத்தி வைப்பதாகத் தாளிலேயே எழுதிவிடுங்கள். சித்திரையில் அடித்த சுவர் என்றால், ஐப்பசி மழைக்குப் பிறகு காண்ட்ராக்டரையே அழைத்துவந்து, இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பாக்கியைத் தீர்க்கலாம்.