லேசர் ஒளியால் நிலத்தை அளத்தல்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அந்த மேட்டின் கன அளவு என்ன? மழைநீர் எந்தச் சரிவில் வழிந்து பாலாற்றுப் பக்கம் செல்லும்? சங்கிலியும் நாடாவும் எடுத்துக்கொண்டு நச்சு மண்மீது ஏறி அளப்பது நல்லதன்று. காலால் மிதிக்காமலே அளக்கும் முறை ஒன்று உண்டு. அதன் பெயர் லிடார்.

சோளிங்கர் மலையடியில் நின்று கூவினால் எதிரொலி கேட்கும். அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு மலையின் தூரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? லிடாரில் ஒலிக்குப் பதில் லேசர் ஒளி.

டிரோன் ஒன்று 60 மீட்டர் உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். அதிலுள்ள கருவி, லேசர் ஒளியைச் சிறு துடிப்பாகக் கீழே அனுப்புகிறது. போய்வரும் தூரம் 120 மீட்டர். ஒளியோ ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. எனவே ஆகும் நேரம், ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலும் பாதிக்குக் குறைவு! நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் உயரம் 15 சென்டிமீட்டர் தவறிவிடும். ஆகவே இக்கருவியில் லேசரைவிடக் கடிகாரமே முக்கியம் என்பேன்.

டிரோன் எங்கே இருந்தது, எப்படிச் சாய்ந்திருந்தது என்பதையும் உடனுக்குடன் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு துடிப்பும் நிலத்தில் ஒரு புள்ளியாகிறது. லட்சக்கணக்கான புள்ளிகளை இணைத்தால் மேட்டின் வடிவம் கிடைக்கும். மழைக்கு முன்னும் பின்னும் அளந்து கழித்துப் பார்த்தால், எவ்வளவு மண் கரைந்தது என்பதும் தெரிந்துவிடும்.

சீமைக் கருவேலம் மண்டியிருந்தால்? துடிப்பின் ஒரு பகுதி இலையில் பட்டு முதலில் திரும்பும். இடுக்கு வழியே தரையைத் தொட்ட பகுதி சற்றுப் பிந்தி வரும். அந்தக் கடைசி எதிரொளியே தரை. ஆனால் அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்த ஒரு காரியத்துக்கு வறண்ட பாலாறு வசதிதான்!

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-1 இவ்வாறே நிலவை அளந்தது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 10 துடிப்புகள். புள்ளிக்குப் புள்ளி ஏறத்தாழ 150 மீட்டர். வெயிலே படாத துருவப் பள்ளங்களைச் சாதாரணக் கேமரா காணாது. லேசர் கருவி தன் விளக்கைத் தானே கொண்டு செல்வதால் இருட்டு அதற்குத் தடையில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. லிடார் தருவது மேட்டின் வடிவத்தை மட்டுமே. அதில் குரோமியம் எவ்வளவு என்று அறிய, மண்ணையும் கிணற்று நீரையும் எடுத்துச் சோதனைக்கூடத்தில் ஆராயத்தான் வேண்டும். எந்தக் கிணற்றிலிருந்து தொடங்குவது என்பதற்கு, சரிவு காட்டும் வரைபடம் உதவும்.