சோப்புக் கட்டியும் குடும்பச் செலவும்

விலைவாசி உயருங்கால் அரிசி, பருப்பின் விலையை அங்கத்தினர்கள் உடனே உணர்கின்றனர். சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் விலையேற்றமோ சந்தடியின்றி வருகிறது. சில வேளைகளில் விலை மாறாதிருக்க, கட்டியின் எடை மட்டும் குறைந்துவிடும்! குளியல் சோப்பின் மூலப்பொருள்களுள் முக்கியமானது பாமாயில். 2024 செப்டம்பரில் அதன் இறக்குமதி வரி உயர்ந்தபின் சோப்பு விலையும் ஏறியது. 2025 செப்டம்பரில் இப்பண்டங்களின் மீதான சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவ்வேற்ற இறக்கங்கள் நம் வசத்தில் இல்லை. வாங்கிய பண்டத்தை நெடுநாள் வரச்செய்வது நம்மால் இயலும்.

முதலில் வாங்கும் முறை. உறையில் 'டி.எஃப்.எம்.' என்றொரு குறிப்பு இருக்கும். சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல்தரச் சோப்பில் இது 76 சதவீதத்துக்குக் குறையலாகாது; இரண்டாந்தரத்தில் 70, மூன்றாந்தரத்தில் 60. 'குளியல் பட்டை' என்று விற்கப்படுபவற்றுக்கு 40 போதும். இரண்டும் ஒரே விலையானால் எதை எடுப்பது என்பது விளங்கும். பெரிய புட்டி எப்போதும் மலிவு என்றும் எண்ணவேண்டாம். ஷாம்புவில் சிறு பாக்கெட்டே மலிவாக இருப்பதுண்டு. கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

சோப்பு நம் உடம்பில் கரைவதைவிடப் பெட்டியில் கரைவதே அநேக வீடுகளில் அதிகம். தேங்கிய நீரில் கிடக்கும் கட்டி குழைந்து வீணாகிறது. அடியில் மூன்று நான்கு துளையிட்ட கொட்டாங்கச்சி இதற்கு நல்ல தட்டு, காசும் வேண்டுவதில்லை. கட்டியை இரண்டாக அறுத்துப் பாதியை உலர்ந்த இடத்தில் வைக்கலாம். புதுக்கட்டியை உறை பிரித்துச் சில வாரம் காற்றாட வைத்தால் ஈரம் வற்றி இறுகும். தேய்ந்த துண்டுகளைப் பழைய கைத்தறித் துணிப் பையிலிட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். முற்றி உலர்ந்த பீர்க்கங்கூட்டில் தடவினால் சிறிது சோப்பே நிறைய நுரை தரும்.

கிணற்று உப்புநீரில் நுரை வாராததன் காரணம் யாதெனில், அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து திரிதிரியான படிவாகிவிடுகின்றன. அவை தீர்ந்த பின்பே நுரை எழும். மழைநீர் சேமித்துள்ளோர் அதையே குளிக்கப் பயன்படுத்தினால் சோப்பு மிகவும் மிஞ்சும்.

ஷாம்புவை உபயோகிக்கும்போதே கையில் நீர் கலக்கவேண்டும். புட்டியிலேயே நீர் ஊற்றி வைத்தால் கெடாமற் காக்கும் மருந்தின் வலிமை குன்றிக் கிருமிகள் பெருகக்கூடும். பற்பசை பெரியோருக்குப் பட்டாணியளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவே. குழாய் தட்டையானதும் கத்தரித்துப் பார்த்தால் இன்னும் சில நாளைக்கு இருக்கும். செங்கற்பொடிக்குத் திரும்புவது சிக்கனமன்று. அது பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும்.

கை கழுவுவதிலும் சிக்கனம் கூடாது. மலங்கழித்த பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும் சோப்பிட்டே கழுவவேண்டும். பயிருக்குப் பூச்சிமருந்து தெளித்தவரும் சாயத்தொட்டியில் வேலைசெய்தவரும் வெறும் நீரோடு நிறுத்தலாகாது. சவர பிளேடை இருவர் பகிர்வதும் ஆகாது. இரத்தத்தின் வழியே மஞ்சட்காமாலை தொற்றக்கூடும்.

புதுக்கட்டி எடுக்கும் நாளை உறையில் குறித்து வையுங்கள். பத்து நாள் வந்த கட்டி பதினைந்து நாள் வருமாயின், ஆண்டுக்கு 36 கட்டி வாங்கிய வீட்டுக்கு 24 போதும். இக்கணக்கைப் பத்து இருபது அங்கத்தினர்கள் கொண்டுவந்தால், மொத்த விலைக்குப் பெட்டியாக வாங்கிப் பங்கிடுவது குறித்து அடுத்த கூட்டத்தில் சங்கம் யோசிக்க இயலும்.